ரத்தாகும் ஷிப்ட்டை வைத்து மென்பொருளை எடைபோடுங்கள்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். இசை விழா, நாடகக் குழு, ஓவியக் காட்சிக்கூடம், அருங்காட்சியகம் என எந்தக் கலை அமைப்பிலும் இப்போது ஒரு பேச்சு எழுகிறது: தன்னார்வலர்களின் டியூட்டிப் பட்டியலை இனி மென்பொருளில் போடலாமே என்று. எதை வாங்குவது என்று முடிவெடுக்கும் கூட்டத்தில் பெரும்பாலும் இரண்டே கேள்விகள்தான் வரும். விலை என்ன? மொபைலில் வருமா? இரண்டும் கேட்கவேண்டியவைதான். ஆனால் மென்பொருள் காலை வாரும் இடம் வேறு. மாலை 6.30 நிகழ்ச்சிக்கு இருக்கை காட்ட வேண்டியவர் 4 மணிக்கு ‘வர முடியவில்லை’ என்கிறார். அடுத்த அரை மணி நேரத்தில் மென்பொருள் என்ன செய்கிறது? இதைச் சோதிக்காமல் வாங்கினால், இரண்டாவது விழா வருவதற்குள் எல்லோரும் பழைய வாட்ஸாப் குழுவுக்கே திரும்பிவிடுவார்கள் என்பது எங்கள் கணிப்பு.

டெமோ பார்ப்பதற்கு முன்பு தாளில் போடவேண்டிய கணக்கு ஒன்று உண்டு. நடந்து முடிந்த ஒரு விழாவை எடுத்துக்கொள்ளுங்கள். 4 நாள், நாளுக்கு 2 நிகழ்ச்சி என்று வைப்போம். ஒரு நிகழ்ச்சிக்கு டிக்கெட் சரிபார்க்க 4 பேர், இருக்கை காட்ட 6, தகவல் மேசைக்கு 2, சக்கர நாற்காலியில் வருவோருக்குத் துணையாக 2, மேடையின் பின்வாசலில் 1, கலைஞர்களை அழைத்துவர 2. ஆக 17. எட்டு நிகழ்ச்சிக்கு 136 ஷிப்ட். பத்தில் ஒருவர் கடைசி நேரத்தில் வரமாட்டார் என்று கொண்டால், நிகழ்ச்சிக்கு 2 பேரைக் கூடுதலாக வைக்கவேண்டும். மொத்தம் 152 ஆகிறது. ஒருவர் சராசரியாக 3 ஷிப்ட் எடுப்பார் என்றால் 51 பேர் தேவை. இந்தத் தாள் கையில் இல்லாமல் டெமோவுக்குப் போனால், விற்பவர் தன்னுடைய மாதிரித் தரவை வைத்து அழகாக ஓட்டிக் காட்டிவிடுவார். உங்கள் தாளைக் கொடுத்து, ‘இதை எங்கள் கண்முன் பதிவு செய்யுங்கள்’ என்று கேளுங்கள். எட்டு நிகழ்ச்சியையும் ஒவ்வொன்றாகத் தட்டச்சு செய்யவேண்டியிருக்கிறதா, ஒன்றைச் செய்து ஏழு முறை நகலெடுக்க முடிகிறதா என்பது அங்கேயே தெரிந்துவிடும்.

அந்த 51 என்ற எண்ணைவிடச் சிக்கலானது வருகை நேரம். நிகழ்ச்சி 6.30 என்றாலும் பின்வாசலில் நிற்பவர் 3 மணிக்கே வரவேண்டும். ஒலிச் சோதனைக்குக் கலைஞர்கள் அப்போதே வந்துவிடுவார்கள். டிக்கெட் சரிபார்ப்பவர் 5 மணிக்கு, இருக்கை காட்டுபவர் 5.30க்கு. ஒரு நிகழ்ச்சிக்கு ஒரே தொடக்க நேரம்தான் என்று கட்டிப்போடும் மென்பொருளில் இதை நுழைக்க, ஒரு மாலையை மூன்று நிகழ்ச்சிகளாக உடைத்துப் பதிவு செய்யவேண்டி வரும். உடைத்தால் அடுத்த தொல்லை. பிற்பகல் 2.30 நிகழ்ச்சியில் இருக்கை காட்டுபவரே, மாலை நிகழ்ச்சியின் 3 மணிப் பின்வாசல் டியூட்டிக்கும் பெயர் கொடுத்துவிடுவார். எளிய பதிவுத்தாள் வகை மென்பொருள்கள் சில, ஒரு தாளுக்குள் நேரம் மோதினால் பிடிக்கும். இரண்டு தாள்களுக்கு இடையே மோதினால் கண்டுகொள்ளாது. ட்ரையல் கணக்கில் இந்த இரண்டு ஷிப்ட்டையும் ஒரே பெயரில் போட்டுப் பாருங்கள். தடுக்கவேண்டும், குறைந்தபட்சம் எச்சரிக்கவாவது வேண்டும்.

இனி அந்த 4 மணி விஷயம். சோதனைக்கு மூன்று பேரும் மூன்று போன்களும் போதும்: ஒருங்கிணைப்பாளர், ஷிப்ட் எடுத்தவர், காத்திருப்போர் பட்டியலில் உள்ளவர். ஷிப்ட் ஒன்றரை மணி நேரத்தில் தொடங்குவதாக வைத்துக்கொண்டு, எடுத்தவர் அதை ரத்து செய்யட்டும். ஒருங்கிணைப்பாளரின் போனுக்குத் தகவல் எந்த வழியில், எத்தனை நிமிடத்தில் வருகிறது என்று கடிகாரம் பார்த்துக் குறியுங்கள். மின்னஞ்சல் மட்டும் வருகிறது என்றால், நிகழ்ச்சி நாளில் அது வராததற்குச் சமம். அரங்கில் நாற்காலி எண்ணிக்கொண்டிருப்பவர் மின்னஞ்சலைத் திறப்பது இரவு வீட்டுக்குப் போனபின்தான்.

காத்திருப்போர் பட்டியலில் முதலில் இருப்பவரைத் தானாகவே உள்ளே சேர்த்துவிடும் வசதியைப் பல மென்பொருள்கள் பெருமையாகச் சொல்லிக்கொள்ளும். ஒரு வாரம் முன்னதாக ரத்தானால் அது நல்ல வசதிதான். நிகழ்ச்சி நாளில் அதுவே ஆபத்து. சேர்க்கப்பட்டவருக்குத் தான் சேர்க்கப்பட்டதே தெரியாது, திரையிலோ 6க்கு 6 என்று பச்சையாகத் தெரியும், ஒருங்கிணைப்பாளர் நிம்மதியாக இருப்பார், 5.30க்கு ஐந்து பேர்தான் நிற்பார்கள். எனவே ‘ஷிப்ட்டுக்கு 48 மணி நேரம் முன்புவரை தானாகச் சேர், அதற்குப் பிறகு, அவர் ஒப்புக்கொண்டால் மட்டும் சேர்’ என்று பிரித்து அமைக்க முடிகிறதா என்று கேளுங்கள். முடியாது என்றால் தானாகச் சேர்ப்பதை அணைத்துவைக்கும் பொத்தானாவது இருக்கவேண்டும்.

ரத்து செய்வதற்குக் கெடு வைப்பதிலும் இதே போன்ற பொறி இருக்கிறது. 48 மணி நேரத்துக்குப் பிறகு ரத்து செய்யவே முடியாது என்று பூட்டினால் பொறுப்பு கூடும் என்று நிர்வாகிகள் நினைப்பார்கள். நடப்பது வேறு: வர முடியாதவர் எப்படியும் வரப்போவதில்லை, பூட்டிவைத்ததால் சொல்லாமல் இருந்துவிடுவார். கெடுவுக்குப் பிறகும் ரத்து செய்யலாம், ஆனால் செய்தால் ஒருங்கிணைப்பாளருக்கு எஸ்எம்எஸ் போகும் என்ற அமைப்பே நல்லது.

காலியிடம் தெரிந்தபின் நிரப்பவேண்டும். அன்று வேறு டியூட்டி இல்லாதவர்கள், இந்த வேலைக்குப் பயிற்சி பெற்றவர்கள் என்ற இரண்டு வடிகட்டிகளையும் சேர்த்துப் போட்டு, வரும் பத்துப் பன்னிரண்டு பேருக்கு மட்டும் ஒரே தட்டலில் செய்தி அனுப்ப முடியவேண்டும். 51 பேருக்கும் போகும் அவசரச் செய்தி மூன்றாவது முறையிலேயே மதிப்பிழந்துவிடும், யாரும் திறக்கமாட்டார்கள். முதலில் ‘சரி’ சொன்னவருக்கு ஷிப்ட் போகட்டும், மற்றவர்களுக்கு ‘இடம் நிரம்பிவிட்டது, நன்றி’ என்று வரட்டும். இரண்டு போன்களில் ஒரே நேரத்தில் ‘சரி’ தட்டிப் பாருங்கள். இருவரையும் சேர்த்துக்கொள்ளும் மென்பொருள்களும் உண்டு.

கலை அமைப்புகளுக்கே உரிய இன்னொரு சங்கடத்தை, மற்ற துறைகளுக்காக எழுதப்பட்ட மென்பொருள்கள் யோசித்தே பார்த்திருக்காது. இருக்கை காட்டுபவர் பெரும்பாலும் நிகழ்ச்சியையும் பார்த்துவிடுவார். அதனால் புகழ்பெற்ற கலைஞர் வரும் மாலையின் ஷிப்ட்கள், பதிவு திறந்த சில நிமிடங்களில் தீர்ந்துவிடும். அறிமுகக் கலைஞரின் பிற்பகல் நிகழ்ச்சிக்கு ஆள் கிடைக்காது. வாய்மொழி விதிகளால் இதைச் சமாளிக்க முடியாது, மனக்கசப்புதான் மிஞ்சும். மென்பொருளிலேயே இரண்டு சுற்றாகப் பதிவு திறக்க முடியவேண்டும்: முதல் சுற்றில் ஒருவருக்கு ஒரு மாலை ஷிப்ட்தான், மூன்று நாள் கழித்து இரண்டாம் சுற்றில் மிச்சமிருப்பதை யாரும் எடுக்கலாம். இதற்குத் தேவையானவை, ஒருவருக்கு இத்தனை என்ற உச்சவரம்பும், ஷிப்ட் கண்ணுக்குத் தெரியத் தொடங்கும் தேதியும். உச்சவரம்பை முழு விழாவுக்கும் சேர்த்துத்தான் போட முடியுமா, மாலை ஷிப்ட்களுக்கு மட்டும் தனியாகப் போட முடியுமா என்பதைத் துருவிக் கேளுங்கள். முன்னது மட்டும் இருந்தால், பிற்பகல் ஷிப்ட் எடுக்க முன்வருபவரையும் அது தடுத்துவிடும்.

நிகழ்ச்சி நேரம் மாறுவதும் இங்கே அன்றாடம். 6.30 ஐ 7.30 ஆக்கிப் பாருங்கள். ஷிப்ட் நேரங்களும் கூடவே நகர்கின்றனவா, எடுத்தவர்களின் பெயர்கள் அப்படியே நிற்கின்றனவா, அனைவருக்கும் செய்தி போகிறதா? பழையதை அழித்துப் புதிதாகப் போடு என்று சொல்லும் மென்பொருளில், அழித்ததும் 17 பேரின் பதிவும் போய்விடும். காலண்டர் இணைப்பை நம்பி இருந்துவிடவும் கூடாது. கூகுள் காலண்டர் போன்றவற்றில் சந்தா முறையில் சேர்த்த காலண்டர், மாற்றத்தை உடனுக்குடன் இழுத்துக்கொள்வதில்லை. பல மணி நேரம் பிடிக்கலாம். அன்றைக்கே நடக்கும் மாற்றத்துக்குக் காலண்டர் உதவாது, எஸ்எம்எஸ்தான்.

எந்த மென்பொருள் என்று பெயர் சொல்லிக் கேட்பவர்களுக்கு: முதலில் உங்கள் அமைப்பு எந்த வகை என்று பாருங்கள். அருங்காட்சியகத்தில் ஒரு வழிகாட்டி வாரந்தோறும் செவ்வாய் காலை வருவார், ஆண்டுக்கணக்கில் வருவார். அங்கே தேவை திரும்பத் திரும்ப வரும் ஷிப்ட், பயிற்சிப் பதிவு, மொத்த மணிக்கணக்கு. வால்ஜிஸ்டிக்ஸ், பெட்டர் இம்பாக்ட் போன்றவை இப்படி நீண்டகாலத் தன்னார்வலர்களை மனத்தில் வைத்துச் செய்யப்பட்டவை. நான்கு நாள் விழாவுக்கு அவை கனமானவை. அமைத்து முடிப்பதற்குள் விழா முடிந்துவிடும். ஒருமுறை நடக்கும் சிறு நிகழ்ச்சிக்கு சைன்அப்ஜீனியஸ் மாதிரியான பதிவுத்தாள் போதும். சொந்த சர்வரும் அதைப் பார்த்துக்கொள்ளும் ஆளும் இருந்தால் எங்கெல்சிஸ்டம் என்ற கட்டற்ற மென்பொருளைப் பார்க்கலாம். ஜெர்மனியில் கேயாஸ் கம்ப்யூட்டர் கிளப் என்ற கணினி ஆர்வலர் சங்கம் நடத்தும் மாநாட்டின் தன்னார்வலர்களுக்காக எழுதப்பட்டு வளர்ந்தது அது. ‘இலவசம்தானே’ என்று ஆளில்லாமல் நிறுவுவதைவிட கூகுள் ஷீட் மேல். அப்டேட் போடாத சர்வரில் 51 பேரின் போன் எண்களை வைப்பது பொறுப்பான செயலாகாது.

கூகுள் ஷீட்டைக் குறைத்துப் பேச நாங்கள் தயாரில்லை. ஒரே அரங்கம், முப்பது பேருக்குள், மாதம் இரண்டு மூன்று நிகழ்ச்சி என்றால் ஷீட்டே போதும். ஆனால் தன்னார்வலர்கள் எல்லோருக்கும் திருத்தும் உரிமை கொடுக்காதீர்கள். ஒருவர் தன் பெயரைத் தேட ஒரு பத்தியை (நெடுவரிசையை) மட்டும் வரிசைப்படுத்துவார். பெயர் ஒரு வரியிலும் போன் எண் இன்னொரு வரியிலும் போய் உட்கார்ந்துகொள்ளும். நடந்துவிட்டால் பதறவேண்டாம், பதிப்பு வரலாற்றுக்குப் போய்ப் பழைய நிலைக்கு மீட்கலாம். நடக்காமல் இருக்க, ஷீட்டின் கட்டங்களைப் பூட்டிவைத்து, தேடுபவர்களுக்கு மற்றவர்களின் பார்வையைக் குலைக்காத வடிகட்டிக் காட்சியை அமைத்துக் கொடுங்கள். பதிவுக்குக் கூகுள் ஃபார்ம் வைப்பவர்கள் ஒன்றைத் தெரிந்துகொள்ளவேண்டும். ‘இந்தத் தெரிவுக்கு 6 பேர் வரைதான்’ என்று நிறுத்தும் வசதி ஃபார்மில் இயல்பாக இல்லை. ஆறு இடத்துக்குப் பன்னிரண்டு பேர் பதிந்துவிட்டு, அத்தனை பேரும் இடம் கிடைத்ததாக நம்பிக்கொண்டு வருவார்கள். துணைநிரல் (ஆட்-ஆன்) போட்டால்தான் அது நிற்கும்.

தமிழில் வேலை செய்யும் அமைப்புகளுக்கு வேறு சில சோதனைகள் உண்டு, விற்பவர் தாமாகச் சொல்லமாட்டார். முதலாவது பெயர்க் கட்டம். முதல் பெயர், கடைசிப் பெயர் என்று இரண்டையும் கட்டாயமாக்கும் மென்பொருளில், முதலெழுத்து மட்டும் உள்ளவர் ஒரு கட்டத்தில் அந்த ஓரெழுத்தைப் போடுவார், சிலர் வெறும் புள்ளியை வைப்பார்கள். பிறகு நினைவூட்டல் ‘அன்புள்ள கே’ என்று போகும். கட்டாயத்தை நீக்க முடியுமா என்று கேளுங்கள். அடுத்தது எஸ்எம்எஸ். ஆங்கிலத்தில் ஒரு எஸ்எம்எஸ்ஸுக்கு 160 எழுத்து, தமிழில் 70தான்; அதைத் தாண்டினால் செய்தி உடைந்து, துண்டுக்கு 67 வீதம் கணக்காகும், துண்டுக்குத் துண்டு கட்டணமும் ஏறும். அந்த எழுபதும் நாம் எண்ணும் எழுத்துகள் ஆகா, யூனிகோட் குறிகள்; கால், புள்ளி போன்றவையும் தனித்தனியாக எண்ணப்படும். ‘தன்னார்வலர்’ என்பது நம் கணக்கில் 7 எழுத்து, எஸ்எம்எஸ் கணக்கில் 11. ‘நாளை மாலை 5.15க்கு வடக்கு வாசல் வரவும்.’ என்பதே 39 ஆகிவிடுகிறது. மென்பொருள் தானாகச் சேர்க்கும் அமைப்பின் பெயரும் நீண்ட இணைப்பும் மீதியைத் தின்றுவிடும். செய்தியின் வார்ப்புருவை (மாதிரி வாசகத்தை) நாமே சுருக்கி எழுத முடியவேண்டும்.

அச்சுப் பிரதியையும் விட்டுவிடாதீர்கள். டியூட்டிப் பட்டியலைப் பிடிஎஃப் ஆக எடுக்கும்போது, திரையில் ஒழுங்காக இருந்த ‘கொ’, ‘சௌ’, ‘ஸ்ரீ’ எல்லாம் கொம்பு ஒரு பக்கமும் கால் ஒரு பக்கமும் சிதறிப்போகும் மென்பொருள்கள் இருக்கின்றன. இந்த மூன்றும் வரும் ஒரு பெயரை உருவாக்கி அச்செடுத்துப் பார்த்தால் போதும். பட்டியலை வெறும் உரையாக வைத்திருக்கும் சிஎஸ்வி கோப்பை எக்செலில் நேரடியாக இரட்டைக் கிளிக்கில் திறந்தால் தமிழ்ப் பெயர்கள் புரியாத குறிகளாக வருவதுண்டு. தரவு கெட்டுப்போகவில்லை, எக்செல் அதை வேறு குறியீட்டில் வாசிக்கிறது, அவ்வளவே. டேட்டா பட்டியில் உரைக் கோப்பிலிருந்து என்ற வழியாகத் திறந்து, 65001 யூடிஎஃப்-8 என்பதைத் தேர்ந்தெடுத்தால் சரியாகிவிடும். கோப்பை ஏற்றுவதற்கு முன் போன் எண் பத்தியை உரை என்று குறித்துவிடுங்கள். இல்லையென்றால் முன்னால் வரும் பூச்சியம் காணாமல் போகும். பிறந்த தேதி போன்றவற்றில் 5/12 என்பது 12/5 ஆக மாறுவதும் இங்கேதான். தேதிகளை ஆண்டு-மாதம்-நாள் என்ற வரிசையில் ஏற்றுவது பாதுகாப்பு.

ஏற்றும் வேளையில் இன்னொன்றும் தலைகாட்டும். பல மென்பொருள்கள் மின்னஞ்சல் முகவரியைத்தான் ஆளின் அடையாளமாக வைத்திருக்கின்றன. கலை அமைப்புகளின் தன்னார்வலர்களில் ஓய்வுபெற்றவர்கள் நிறைய; கணவனும் மனைவியும் ஒரே முகவரியைப் பயன்படுத்துவார்கள். ஏற்றும்போது இரண்டாமவர் முதலாமவரின் மேல் எழுதப்பட்டு மறைந்துவிடுவார், எச்சரிக்கைகூட வராமல் போகலாம். 51 வரி ஏற்றினால் 51 பேர் வந்தார்களா என்று எண்ணிப் பாருங்கள். ஸ்மார்ட்போன் இல்லாதவருக்காக ஒருங்கிணைப்பாளரே ஷிப்ட் எடுத்துக்கொடுக்கவும், ‘இவருக்கு போன் செய்து சொல்லவும்’ என்று குறித்துவைக்கவும் வழி வேண்டும். இவர்களை மறந்துவிட்டு மென்பொருளுக்கு மாறும் அமைப்பு, தன்னிடம் இருக்கும் மிக நம்பகமான ஆட்களைத்தான் முதலில் இழக்கும்.

வருகைப் பதிவு குறித்துச் சுருக்கமாக. க்யூஆர் கோடு நல்லதுதான், ஆனால் நிலத்தடி அரங்குகளிலும் மேடைக்குப் பின்னாலும் சிக்னல் இருக்காது. இணையம் இல்லாமலும் பதிந்துகொண்டு பிறகு ஒத்திசைக்கும் வசதி இருக்கிறதா என்று, போனை விமானப் பயன்முறையில் வைத்தே சோதியுங்கள். வெளியேறும்போது பதிய எல்லோரும் மறப்பார்கள். ஷிப்ட் முடியும் நேரத்தில் தானாக மூடும் அமைப்பு இல்லையென்றால், ஒருவர் 26 மணி நேரம் தொடர்ந்து இருக்கை காட்டியதாகச் சான்றிதழில் வரும். எந்த மென்பொருளானாலும், நிகழ்ச்சிக்கு மூன்று மணி நேரம் முன்பு பட்டியலை அச்செடுத்து முன்வாசல் மேசையில் வைத்துவிடுவது நல்லது.

விலையைக் கடைசியில் சொல்வதற்குக் காரணம் இருக்கிறது. மேலே உள்ளவற்றில் தேறாத மென்பொருளின் விலையைப் பேசிப் பயனில்லை. கட்டணம் நிர்வாகிகளின் எண்ணிக்கைப்படியா, தன்னார்வலர் பதிவுகளின்படியா, நிகழ்ச்சிப்படியா என்று பாருங்கள். பதிவுகளின்படி என்றால், இப்போது வராத பழையவர்களும் எண்ணிக்கையில் சேருகிறார்களா? 51 பேர் வேலை செய்ய, ஐந்து ஆண்டுகளில் சேர்ந்துவிட்ட 400 பேருக்குப் பணம் கட்டும் நிலை இப்படித்தான் வருகிறது. எஸ்எம்எஸ் தனிக் கட்டணமா என்பதையும் எழுத்தில் வாங்குங்கள். ட்ரையல் 14 நாளோ 30 நாளோ, அதற்குள் உண்மையான சிறு நிகழ்ச்சி ஒன்று விழும்படி தொடங்குங்கள். பெரிய விழாவுக்கு ஆறு வாரம் இருக்கும்போது மாறாதீர்கள்.

தரவு விஷயத்தில் கொஞ்சம் கஞ்சத்தனம் நல்லது. பெயர், போன், அவசரத் தொடர்பு, வரக்கூடிய நாள்கள், என்ன வேலை தெரியும் என்பவை போதும். படிவத்தில் கட்டம் இருக்கிறது என்பதற்காக அடையாள அட்டை எண்ணையும் வீட்டு முகவரியையும் வாங்கி வைத்தால், அவற்றைக் காப்பதும் உங்கள் பொறுப்பாகிவிடும். பதினெட்டு வயதுக்குக் கீழ்ப்பட்டவர்களுக்குப் பெற்றோர் சம்மதம் பதிவாகும் இடம் வேண்டும். ஒரு தன்னார்வலர் இன்னொருவரின் எண்ணைப் பார்க்க முடிகிறதா என்று, சாதாரணத் தன்னார்வலராக லாக்-இன் செய்து சரிபாருங்கள். முன்னிருப்பு அமைப்பிலேயே அது திறந்திருந்தால் அன்றே மூடுங்கள்.

முதன்மை நிர்வாகிக் கணக்கை யாருடைய சொந்த மின்னஞ்சலிலும் திறக்காதீர்கள். அமைப்பின் பெயரில் ஒரு முகவரி, அதில் குறைந்தது இரண்டு நிர்வாகிகள். ஒருங்கிணைப்பாளர் வேறு ஊருக்குப் போனபின் பாஸ்வேர்டு மீட்பு அவருடைய பழைய போனுக்குப் போய்க்கொண்டிருக்கும் அமைப்புகள் கணிசம். சந்தா கட்டுவதற்கு முன்பே எக்ஸ்போர்ட் பொத்தானை அழுத்தி, வரும் கோப்பைத் திறந்து பாருங்கள். பெயரும் எண்ணும் மட்டும் வருகின்றனவா, அல்லது யார் எந்த ஷிப்ட்டில் எத்தனை மணி நேரம் வேலை செய்தார் என்ற வரலாறும் வருகிறதா? பிந்தையது வரவில்லை என்றால், மாதம் ஒருமுறை மணிக்கணக்கு அறிக்கையைத் தனியாக இறக்கி வைப்பதை யாராவது ஒருவரின் டியூட்டியாக அந்தப் பட்டியலிலேயே போட்டுவிடுங்கள்.

இப்படிக்கு,
கலை அமைப்புகளில் தன்னார்வலர் பணியை ஒருங்கிணைப்பவர்கள்